இரண்டு டின் குடை

இதை எழுத வேண்டும் என்று ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி வைத்தேன். பேரப்பிள்ளைகள் அதில் படம் வரைந்து தீர்த்துவிட்டார்கள். இன்னொன்று வாங்கினேன், அது மளிகைச் சாமான் எழுதுவதில் முடிந்தது. உட்கார்ந்தால் எழுந்துவிடுவேன். அடுப்பில் ஏதோ வைத்துவிட்டு வந்தது போலத் தோன்றும். போய்ப் பார்த்தால் அடுப்பு அணைந்தே இருக்கும். எத்தனையோ வருடங்கள் இப்படியே போயின. எழுதினால் என்னை நானே காட்டிக் கொடுக்க வேண்டும். எழுதாவிட்டால் ஒரு மனிதர் மேல் விழுந்த பழி அப்படியே கிடக்கும். முழங்கால் போட்டு ஜெபிக்கும்போதெல்லாம் இந்த ஒன்று மட்டும் குறுக்கே வந்து நிற்கும்.

நான் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்தவள். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். சொல்வதில் பிழை இருக்காது.

அவர் பெயரை எழுதப் போவதில்லை. யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் இல்லை. தண்ணிக்காரர் என்பார்கள். மலேசியாவில் கோலா சிலாங்கூரிலிருந்து ஈஜோக் போகிற சாலையில் உள்ளே தள்ளி இருந்தது எங்கள் தோட்டம். ரப்பரை வெட்டிச் சாய்த்துவிட்டு, எண்ணெய் எடுக்கும் செம்பனை நட்டு, அந்தச் செம்பனையும் ஆள் உயரத்துக்கு மேலே போய்விட்டிருந்த எண்பதுகள். தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருந்த லயத்துக்குத் தண்ணீர் ஏற்றும் பம்ப் வீடு அவர் பொறுப்பு. துரை பங்களாவின் நீச்சல் குளமும் அவர் பொறுப்புதான். அதனால் தண்ணிக்காரர். புதிதாகக் கணக்கெழுத வந்த கிராணி ஒருவர் இது தெரியாமல், “தண்ணிக்காரனைப் போய் பங்களா வேலைக்கு வெச்சிருக்கீங்களே தொரை” என்று கேட்டுவிட்டாராம். கள்ளுக்கடைப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காத மனிதர் அவர். துரை சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டதாகச் சொல்வார்கள்.

நான் அந்தப் பங்களாவில் சமையல் செய்தேன். சமையலறை ஜன்னலைத் திறந்தால் குளம் தெரியும். குளம் தெரிந்தால் அவரும் தெரிவார். விடியற்காலையில் ஒரு தடவை, உச்சி வெயிலில் ஒரு தடவை, வெயில் தாழ்ந்த பிறகு ஒரு தடவை. கிழிந்த தொப்பி, நெற்றியில் விபூதி, கையில் இரண்டு கண்ணாடிக் குழாய். குந்தி உட்கார்ந்து தண்ணீரை மொண்டு, சொட்டு மருந்து விட்டு, குழாயை வானத்துக்கு நேராகத் தூக்கிப் பார்ப்பார். போவார். பத்து நிமிடத்தில் திரும்பி வந்து மறுபடியும் குந்துவார்.

“இப்பத்தானேண்ணே பார்த்தீங்க?” என்று ஜன்னல் வழியாகக் கேட்பேன்.

“அது அப்போ.”

அவர் வாயிலிருந்து ‘சரியாயிடுச்சு’ என்ற வார்த்தையை நான் கேட்டதே இல்லை. “தண்ணி நல்லாருக்காண்ணே?” என்றால், “இப்போதைக்கு.” “மகளுக்குக் காய்ச்சல் விட்டுச்சா?” என்றால், “இப்போதைக்கு.” நான் வைத்த மீன் கறியைச் சாப்பிட்டுவிட்டும், “இப்போதைக்கு நல்லாருக்கு” என்பார். எனக்குக் கோபம் வரும். அவருடைய மனைவி குழாயடியில் எல்லோர் முன்னாலும் சொல்வார்: “தாலி கட்டி முடிச்சாச்சான்னு பூசாரி கேட்டதுக்கு இந்த ஆளு என்னா சொன்னாரு தெரியுமா? இப்போதைக்கு-ன்னாரு! அப்பவே நான் எழுந்திரிச்சுப் போயிருக்கணும்.”

ஒரு கல்யாணத்தில் இலை போட்டு உட்கார்ந்தவர், பக்கத்தில் வைத்த தண்ணீர்க் குவளையை மோந்து பார்த்தார். சோறு விழுந்த இலையை விட்டு எழுந்து பின்கட்டுக்குப் போய், தண்ணீர் டிரம்மைத் திறந்து பார்த்து, காய்ச்சிக் கொடுக்கச் சொல்லிச் சண்டை போட்டார். மாப்பிள்ளை வீட்டார் சாப்பாட்டில் குறை சொல்வதாக நினைத்துக்கொண்டார்கள். அவர் சாப்பிடாமலே வீட்டுக்குப் போனார். பாசிர் பெனம்பாங்குக்கு மீன் வாங்கப் போனாலும் மீனைப் பார்க்க மாட்டார். ஐஸைக் கையில் எடுத்து, இது எந்தத் தண்ணீர் என்று மீன்காரச் சீனனைக் கேட்டுக்கொண்டிருப்பார். கூடப் போனவர்கள் அவரை இழுத்துக்கொண்டு வர வேண்டும்.

துரையின் நண்பர் ஒருவர் குளத்தில் குதிக்கப் போனபோது, தண்ணிக்காரர் அவர் துண்டைப் பிடித்து நிறுத்தினார். “இப்பத்தான் பவுடர் போட்டேன் சார். செத்த பொறுங்க.” நண்பர் ஆங்கிலத்தில் திட்டினார். இவர் துண்டை விடவில்லை. மேலும் கீழும் நடந்துகொண்டே அந்த மனிதரை நிறுத்தி வைத்திருந்தார். எனக்கு ஜன்னலில் நின்று பார்க்கவே கை கால் பரபரத்தது.

ஒரு நாள் நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது, குளத்துக்கு என்னதான் போடுகிறீர்கள் என்று கேட்டேன். வாசற்படியில் உட்கார்ந்து சொன்னார்.

“ரெண்டு மருந்து தங்கச்சி. ஒன்னு குளோரின். அதான் வேலை செய்யற ஆளு. அழுக்கு, கிருமி எல்லாத்தையும் வெட்டிச் சாய்க்கிறவன். ஆனா இந்த ஊரு வெயிலு இருக்கே, காலையில போட்டவன் மத்தியானத்துக்குள்ள காணாமப் போயிருவான். ஒரு ஆள மொட்ட வெயில்ல நிக்க வெச்சா நிப்பானா? அதான் ரெண்டாவது மருந்து. அது குடை.”

டின்னில் ஆங்கிலத்தில் என்னவோ நீளமாக எழுதியிருக்கும். அவர் வைத்த பெயர் குடை. பங்களாவில் எல்லோருக்கும் அது குடைதான். “இன்னிக்குக் குடை போட்டேன்”, “இந்த மாசம் குடை போட வேண்டாம்” என்று அவர் சொல்வது எங்களுக்குப் பழகிப்போயிருந்தது.

“அப்போ ரெண்டு குடையாக் குடுத்தா இன்னும் நல்லா நிப்பானே?” என்று விளையாட்டாகக் கேட்டேன்.

“நிப்பான். நிக்கத்தான் செய்வான். குடைய விட்டு வெளிய வரமாட்டான். அழுக்கு பக்கத்துல வந்து ஒரசினாலும் பார்த்துக்கிட்டே உக்காந்திருப்பான்.” சொல்லிக்கொண்டே எழுந்துவிட்டார். நின்றபடியே மீதியைச் சொன்னார். “குளோரின் பரவால்ல, இன்னிக்குத் தீந்தா நாளைக்குப் போட்டுக்கலாம். குடை அப்படி இல்ல. வெயிலு திங்காது, காத்து கொண்டு போகாது. ஜாஸ்தியாப் போச்சுன்னா தண்ணியக் கொட்டி வேற தண்ணி ஊத்தறதத் தவிர வழியே இல்ல.”

இதை ஏன் இவ்வளவு விளக்கமாக எழுதுகிறேன் என்றால், எனக்குத் தெரியாமல் நடந்துவிட்டது என்று நான் சொல்லிக்கொள்ள முடியாது. எனக்குத் தெரியும். அவர் வாயாலேயே கேட்டவள் நான்.

குடையின் அளவை அவர் பார்க்கும் விதமும் எனக்குத் தெரியும். குளத்துத் தண்ணீரில் ஒரு மருந்தைக் கலப்பார், அது பால் போல வெளுக்கும். அடியில் கறுப்புப் புள்ளி வைத்த ஒரு குழாயில் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுவார். எந்தக் கோட்டில் புள்ளி கண்ணுக்கு மறைகிறதோ அதுதான் அளவு. குடை கூடுதலாக இருந்தால் பால் கெட்டியாக இருக்கும், சீக்கிரம் மறைந்துவிடும். அந்தப் புள்ளியை அவர் பொட்டு என்பார். நான் ஆண்டவரை ஏற்றுக்கொண்ட பிறகு நெற்றிப் பொட்டை எடுத்துவிட்டிருந்தேன். அதைப் பார்த்த அன்று, “என்னா தங்கச்சி, ஒனக்கும் அளவு வந்துருச்சா? பொட்டு மறைஞ்சிருச்சே!” என்றார். நானும் சிரித்துவிட்டேன்.

இனி என் வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டினார். சம்பளம் வாங்கினால் சம்சு சாராயம், வாங்காவிட்டால் கள்ளு. எத்தனை பாத்திரம் நசுங்கியது, எத்தனை நாள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பக்கத்து வீட்டில் படுத்தேன் என்பதெல்லாம் இங்கே வேண்டாம். எங்கள் சபை சின்னச் சபை, ஒரு கடைவீட்டு மாடியில் கூடும். நான் அழுது ஜெபித்து, ஒரு நாள் அவரும் வந்தார். வந்தவர் நான்கு மாதம் குடிக்கவில்லை. ஞானஸ்நானம் எடுத்துக்கொள்கிறேன் என்று தாமாகவே சொன்னார். சொன்னதோடு இன்னொன்றும் சொன்னார்: “தேதி வெச்சாச்சு. அன்னிக்குள்ள எடுத்துட்டா நான் மனுஷன். தள்ளிப்போட்டாங்கன்னா என்னைய நம்பாத. எனக்கே என் மேல நம்பிக்கை இல்ல.”

முழுக்கு ஞானஸ்நானம் ஆற்றில் கொடுப்பதுதான் வழக்கம். சிலாங்கூர் ஆற்றில் முதலை. பாஸ்டரே, “கர்த்தர் சிங்கத்துக்கிட்டயிருந்து காப்பாத்துனாரு, ஆனா நாம சோதிக்கக் கூடாது” என்று சொல்லிவிட்டார். துரையின் மனைவியை மேம் என்று கூப்பிடுவோம். அவரும் கிறிஸ்தவர், பட்டணத்துப் பெரிய சபை. நான் தயங்கித் தயங்கிக் கேட்டதும், பங்களாக் குளத்தில் நடத்திக்கொள்ளுங்கள் என்று மனமார விட்டுக்கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை என்று நாள் குறித்தோம். இருபது பேர் முழுக வேண்டும். அதில் என் வீட்டுக்காரர் ஒருவர்.

அந்த ஞாயிற்றுக்கு முந்தின வாரம் தண்ணிக்காரரின் மகளுக்குப் பிரசவம். கோலா குபு பாருவில் கட்டிக் கொடுத்திருந்தார். குளத்தை விட்டுப் போக மனமே இல்லை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மூன்று தடவை திரும்பி வந்தார். “பம்ப்ப மட்டும் ஓட விடு. வேற எதையும் தொடாத. நாலு நாளைக்கு இது தாங்கும்” என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார். போனவர் வாசலிலிருந்து கத்தினார்: “இப்போதைக்கு!”

அடுத்த நாள் காலை மேம் அவசரமாகக் காரில் ஏறிக்கொண்டே சொன்னார்: “சாயங்காலம் கெஸ்ட் வராங்க. நாற்காலியெல்லாம் குளத்துக்கிட்ட எடுத்துப் போடு. ரெண்டு குடையும் போட்டுடு லா.”

“ரெண்டுமா மேம்?”

“ரெண்டும்தான். வெயில் எப்படி அடிக்குது பாரு!”

கார் போய்விட்டது. மருந்து அறையைத் திறந்தேன். பெரிய பிஸ்கட் டின் அளவில் சரியாக இரண்டு டின் குடை இருந்தது. தண்ணிக்காரர் எப்போதும் கொஞ்சமாக அளந்து எடுப்பதைத்தான் பார்த்திருக்கிறேன். மனம் ஒப்பவில்லை. ஆனால் அவர்தான் மேமிடம் சொல்லிவிட்டுப் போயிருப்பார் என்று நினைத்தேன். வெயிலுக்குத்தானே குடை, மேமும் வெயில் என்றுதானே சொன்னார்? ஒரு டின்னைக் கவிழ்த்தேன். வெள்ளை மாவு அப்படியே அடிக்குப் போய்ப் படிந்தது. இரண்டாவதையும் கவிழ்த்தேன். டின் இரண்டும் நல்ல டின். தூக்கிப் போட மனம் வராமல் கழுவி, சமையலறைக்குப் பின்னால் வைத்து, மண் போட்டுக் கருவேப்பிலைக் கன்று நட்டேன்.

சாயங்காலம் மேம் வந்து நாற்காலிகளைப் பார்த்தார். “குடை எங்க?”

“போட்டுட்டேன் மேம்.”

“எங்க போட்டே? கெஸ்ட் எல்லாம் வெயில்ல உக்காரவா?” என்று சொல்லிக்கொண்டே கார் கொட்டகைக்குப் போய், உறை பிரிக்காத இரண்டு பெரிய துணிக் குடைகளை இழுத்துக்கொண்டு வந்தார். நாற்காலிக்கு மேலே நட்டு வைக்கிற குடைகள். முந்தின வாரம் கோலாலம்பூரில் வாங்கினாராம். நான் அவற்றைப் பார்த்ததே இல்லை.

மேம் சொன்னது இந்தக் குடைகளைத்தான். நானே விரித்து நட்டேன். விருந்தாளிகள் கரையில் உட்கார்ந்து குடித்துவிட்டுப் போனார்கள். நல்லவேளை யாரும் இறங்கவில்லை. அவர்கள் போனதும் குளத்து பிரஷ்ஷை எடுத்து, அடியில் கிடந்த வெள்ளையை ஒரு மூலைக்குத் தள்ளப் பார்த்தேன். தள்ளத் தள்ளக் கலங்கியது. “ஆண்டவரே, இது கரையக் கூடாது” என்று ஜெபித்தேன். மருந்துக்கு என்ன தெரியும். மெள்ள மெள்ளக் கரைந்தது. நான்காம் நாள் அடி சுத்தமாக இருந்தது.

தண்ணிக்காரர் வெள்ளிக்கிழமை வந்தார். பேத்தி பிறந்த இனிப்பை என்னிடம் கொடுத்துவிட்டு, வீட்டுக்குக் கூடப் போகாமல் குளத்துக்குப் போனார். குளோரின் சொட்டு விட்டார். மஞ்சள் நிறம் சரியாக வந்தது. எனக்கு மூச்சு வந்தது. அவர் எழுந்திருக்கவில்லை. நிழல் விழும் பக்கத்துச் சுவரைக் கையால் தடவினார். விரலை விரலோடு தேய்த்துப் பார்த்தார். மோந்தார். சட்டையோடு இறங்கிப் படிக்கட்டைத் தடவினார்.

“வழவழங்குது தங்கச்சி. பச்சை கட்டப் பார்க்குது.”

“கலர் சரியாத்தானே காட்டுதுண்ணே?”

“அதான் எனக்கும் புரியல.” காலையில் மேற்பார்வை செய்யும் மண்டோர் ஆட்களை வரிசையாக நிறுத்திக் கணக்கெடுப்பதை நாங்கள் பெரட்டு என்போம். அதை வைத்துச் சொன்னார்: “பெரட்டுல எல்லாரும் நிக்கிறாங்க. காட்டுக்குள்ள போய்ப் பார்த்தா ஒருத்தனும் வேலை செய்யல.”

பிறகு பொட்டுக் குழாயை எடுத்தார். தண்ணீர் பால் அல்ல, தயிர் போல வெளுத்தது. இரண்டு விரற்கடை ஊற்றுவதற்குள் பொட்டு மறைந்துவிட்டது. கொட்டிவிட்டு மறுபடியும் செய்தார். மறுபடியும். ஐந்து தடவை செய்ததை ஜன்னலில் நின்று எண்ணினேன். எழுந்து மருந்து அறைக்குப் போனார். அங்கிருந்து நேராகச் சமையலறைக்கு வந்தார்.

“குடை டின்னு ரெண்டு இருந்துச்சே. பார்த்தியா தங்கச்சி?”

உண்மையைச் சொல்ல வாய் திறந்தேன். ஞாயிற்றுக்கிழமை நினைவுக்கு வந்தது. வீட்டுக்காரர் சொன்ன வார்த்தை நினைவுக்கு வந்தது. “தெரியலண்ணே” என்றேன்.

அவர் பின்வாசல் வழியாகத்தான் எப்போதும் போவார். அங்கே நின்றார். என் கருவேப்பிலைக் கன்றுகளைப் பார்த்தார். குனிந்து மண்ணை விரலால் தொட்டார்.

“நல்லாப் புடிச்சிருச்சா?”

“புடிச்சிருச்சுண்ணே.”

“இப்போதைக்கு” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவருக்குத் தெரிந்துவிட்டதா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. அன்று முழுக்க ஒரு வேலையும் ஓடவில்லை. சோற்றைக் குழைய விட்டேன்.

சனிக்கிழமை காலை பாஸ்டர் வந்தபோது குளத்தின் வால்வு திறந்திருந்தது. தண்ணீர் செம்பனைக் காட்டு வடிகாலில் ஓடிக்கொண்டிருந்தது. சபையார் சிலரும் கூட வந்திருந்தார்கள்.

“என்ன செய்றீங்க! நாளைக்கு ஞானஸ்நானம்!”

“நாளைக்கு முடியாதுங்கய்யா. தண்ணி செத்துப் போச்சு.”

“பார்க்கச் சுத்தமாத்தானே இருக்கு?”

“பார்க்க அப்படித்தான் இருக்கும். இருபது பேரு மூக்கும் வாயும் முங்கணும். உங்க சபை ஆத்தா ஒருத்தங்களுக்குக் கால்ல சர்க்கரைப் புண்ணு, நான் பார்த்திருக்கேன். அந்தம்மா கால வெச்ச தண்ணியில அடுத்த ஆளு வாய் வெக்கணும். மருந்து வேலை செய்யலய்யா.”

“கர்த்தர் காப்பாத்துவாருங்க.”

“காப்பாத்துவாரு. இந்தக் கொளத்த மட்டும் என் கையில விட்டிருக்காரு.”

கூட வந்தவர்களில் ஒருவர் எனக்குக் கேட்கும்படியே சொன்னார்: “விபூதி பூசுனவன் கையில ஞானஸ்நானத் தண்ணிய விட்டா இப்படித்தான் ஆகும்.” தண்ணிக்காரர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வால்வுக்கும் படிக்கட்டுக்கும் நடந்துகொண்டிருந்தார்.

அன்று மத்தியானம் துரை அவரைக் கூப்பிட்டு விசாரித்தார். மேம் பக்கத்தில் இருந்தார். நான் டீ எடுத்துக்கொண்டு போனேன்.

“ரெண்டு டின் எங்கே போச்சு?” என்றார் துரை.

“போட்டுட்டேன் தொரை. ஊருக்குப் போற அவசரம். அளவு தப்பிப் போச்சு. என் கைதான்.”

என் கையில் தட்டு கடகடவென்று ஆடியது. அவர் என் முகத்தைப் பார்க்காமல், தட்டைப் பார்த்துச் சொன்னார்: “தங்கச்சி, டீ சிந்துது.”

அப்போதுதான் அவருக்கு எல்லாம் தெரியும் என்று எனக்குத் தெரிந்தது. அவர் வாழ்நாளில் அளவு தப்பியதே கிடையாது. அப்படிப்பட்டவர் வாயால், அளவு தப்பிப் போச்சு. அந்த நிமிடம் நான் பேசியிருக்கலாம். தட்டை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டேன். குளம் நிரம்பியதும் அவர் பங்களா வேலையை விட்டுவிட்டு உரம் போடுகிற கூட்டத்துக்குப் போக வேண்டும் என்று துரை சொன்னது, உள்ளே இருந்த எனக்கும் கேட்டது.

ஞானஸ்நானம் தள்ளிப்போனது என்று சாயங்காலம் வீட்டுக்காரரிடம் சொன்னேன். சைக்கிளை எடுத்தார். எந்தப் பக்கம் போகிறார் என்று எனக்குத் தெரியும். முழங்கால் போட்டேன். ஜெபம் வரவில்லை. என் பொய்தான் வந்து முன்னால் நின்றது. இருட்டுவதற்குள் சைக்கிள் சத்தம் கேட்டது. அவர் சட்டையெல்லாம் ஈரம், கையெல்லாம் பச்சைப் பாசி. சாராய வாடை இல்லை.

“எங்க போனீங்க?”

“கடைக்குத்தான் போனேன். பங்களா முனையில அந்தத் தண்ணிக்கார மனுஷன் நின்னுக்கிட்டு, ‘சும்மாத்தானே போற, இந்த பிரஷ்ஷப் புடி’ன்னு இழுத்துட்டுப் போயிட்டாரு. சொவரு பூரா தேய்க்க வெச்சிட்டாரு. நாளைக்கும் வரச் சொல்லியிருக்காரு.”

மூன்று வாரம் பிடித்தது. ஏன் அத்தனை நாள் என்று சபையில் முணுமுணுத்தார்கள். லயத்துத் தொட்டிகள் நிரம்பிய பிறகு மிஞ்சும் தண்ணீரைத்தான் குளத்துக்கு விடுவேன் என்று அவர் பிடிவாதமாக நின்றார். அத்தனை நாளும் சாயங்காலமானால் என் வீட்டுக்காரர் அங்கேதான். தேய்க்க ஒன்றும் இல்லாத நாளிலும் ஏதாவது தேய்க்கச் சொல்வாராம். “அந்தாளுக்கு ஒரு எடத்துல நிக்கத் தெரியாது, நம்மளயும் நிக்க விடறதில்ல” என்று வீட்டுக்காரர் அலுத்துக்கொள்வார். அலுத்துக்கொண்டே மறுநாளும் போவார்.

குளம் நிரம்பியது. திங்கட்கிழமை அவர் உரக் கூட்டத்துக்குப் போய்விட்டார். அடுத்த ஞாயிறு ஞானஸ்நானம். அன்று விடியும்போது சமையலறை ஜன்னலைத் திறந்தேன். அதே தொப்பி, அதே குந்தல். யாரும் கூப்பிடவில்லை, வந்திருந்தார். டீ எடுத்துக்கொண்டு போய்ப் பக்கத்தில் நின்றேன்.

“அண்ணே, அன்னிக்கு அந்த ரெண்டு டின்னு...”

“பேசாத. சொட்டு எண்ணிக்கிட்டிருக்கேன்.”

எண்ணி முடித்தார். பொட்டுக் குழாயைத் தூக்கி என்னையும் பார்க்கச் சொன்னார். ஊற்ற ஊற்றப் பொட்டு தெரிந்துகொண்டே இருந்தது. அவர் விரல் வைத்திருந்த கோட்டில் வந்துதான் மறைந்தது.

“சரியா இருக்காண்ணே?”

“இப்போதைக்கு. பதினோரு மணிக்குள்ள முங்கிடுங்க. அப்புறம் வெயிலு ஏறிடும்.”

என் வீட்டுக்காரர் முழுகி எழுந்தபோது சபையார் பாடினார்கள். செம்பருத்தி வேலிக்கு அந்தப் பக்கம் தொப்பி ஒன்று அசைந்துகொண்டே இருந்தது. கடைசி ஆள் கரையேறும் வரை அது போகவில்லை.

பிறகு நடந்ததுதான் என்னை இத்தனை வருடம் அரித்தது. சபையில் இந்தக் கதை வளர்ந்தது. ஞானஸ்நானத்தைத் தடுக்க ஒருவன் குளத்தைத் திறந்துவிட்டான், கர்த்தர் அவனைப் பங்களாவிலிருந்து தூக்கிக் காட்டில் போட்டார் என்று சாட்சி சொன்னார்கள். ஈஜோக்கில் சொன்னார்கள், ரவாங்கில் போய்ச் சொன்னார்கள். இன்னொரு வருடம் சொன்னபோது அவன் குளத்தில் விஷம் கலந்தவனானான். எல்லோரும் ஆமென் என்றார்கள். நானும் சொன்னேன். பழியைத் தாங்கியவர் பேசவில்லை, பழிக்குக் காரணமானவள் ஆமென் சொன்னாள்.

ஒரே ஒரு தடவை கோலா சிலாங்கூர் பஸ் நிலையத்தில் அவரைப் பார்த்தேன். தலை நரைத்திருந்தது. பஸ் வருகிறதா என்று ஐந்து தடவை எட்டிப் பார்த்தார்.

“அண்ணே, நான் பண்ணுன தப்புக்கு நீங்க...”

“வீட்டுக்காரரு எப்படி இருக்காரு?” என்று குறுக்கே கேட்டார்.

“தொடறதே இல்லண்ணே. நல்லாருக்காரு.” பிறகு எனக்கே தெரியாமல் சொன்னேன்: “இப்போதைக்கு.”

அவர் சிரித்தார். அவர் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அன்று மட்டும்தான். பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டார். சில வருடங்கள் கழித்து அவர் காலமான செய்தி வந்தது. நான் போகவில்லை. எந்த முகத்தோடு போவது?

என் வீட்டுக்காரர் போன வருடம் கர்த்தருக்குள் நித்திரை அடைந்தார். சாகும் வரை ஒரு சொட்டுத் தொடவில்லை. அடக்க ஆராதனையில் அவரைத் தெரியாத ஓர் இளம் ஊழியர் பிரசங்கம் செய்தார். இவருடைய ஞானஸ்நானத்தைத் தடுக்க ஒரு துஷ்டன் எழும்பினான் என்று ஆரம்பித்தார். பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். எல்லோரும் ஆமென் என்றார்கள். என் வாய் திறக்கவில்லை. அந்தத் துஷ்டன்தான் இந்த மனிதனைக் கள்ளுக்கடை வழியில் பிடித்து, பிரஷ்ஷைக் கையில் கொடுத்து, மூன்று வாரம் காப்பாற்றி என்னிடம் திருப்பிக் கொடுத்தார். அன்று வீட்டுக்கு வரும் வழியில்தான் மூன்றாவது நோட்டுப் புத்தகம் வாங்கினேன்.

ஆண்டவரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். அவர் மன்னித்தார் என்று நம்புகிறேன். ஆனாலும் இன்றைக்கும் நடு மத்தியானத்தில் காரணமில்லாமல் எழுந்து போய்க் குழாய்த் தண்ணீரைப் பிடித்து மோந்து பார்க்கிறேன்.

இதைப் படிக்கிறவர்களே, அந்தப் பழைய கதையைக் கேட்டவர்கள் யாராவது இருந்தால் அவர்களிடம் இதைச் சொல்லுங்கள். சொல்லும்போது உங்கள் பங்குக்கு எதையும் சேர்க்காதீர்கள். அவரைப் பரிசுத்தவான் ஆக்க வேண்டாம், அவர் கல்யாண வீட்டில் சண்டை போட்டவர். என்மேல் இரக்கப்பட்டு எதையும் குறைக்கவும் வேண்டாம். அளவு கூடினாலும் குறைந்தாலும் அவருக்குப் பிடிக்காது. மேம் சொன்னது துணிக் குடை. நான் போட்டது இரண்டு டின். அவர் ஒன்றும் போடவில்லை. இப்படியே சொல்லுங்கள்.